மலைவீட்டுச் சுட்டிப் பெண்கள்: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

குழந்தை வளர்ப்புப் பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களில் நீலகிரியிலிருந்தும் பழனிமலைத் தொடரிலிருந்தும் வந்தவை மிகுதி. எல்லாமே மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடைப்பட்ட பெண் குழந்தைகளைப் பற்றியவை என்பதால் அவற்றைச் சேர்த்தே பதில் எழுதுகிறேன். எழுதிய பெற்றோர்கள் அனைவரும் முதலில் சிரித்திருக்கிறார்கள். பிறகு, சிரித்தது சரியா என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். மழலையர் வகுப்பில் பணியாற்றிய காலத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துடுக்கான குழந்தை செய்யும் வேடிக்கைக்குப் பின்னே பெரும்பாலும் நேர்த்தியான ஒரு யோசனை இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியவர்களுக்குத்தான் அவகாசம் இருப்பதில்லை.

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு நான்கு வயது. தை மாதக் காலையில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும்போதும் ஸ்வெட்டர் போட மாட்டேன் என்று வீட்டைச் சுற்றி ஓடுகிறாள். அண்மையில் ஒருநாள் அவளுடைய சிவப்பு ஸ்வெட்டரை வீடு முழுவதும் தேடிச் சலித்துப்போனேன். கடைசியில் அது வாசலில் இருந்த ரோஜாத் தொட்டியின் மேல் கிடந்தது. ஒரு கிளையைக் கைப்பகுதிக்குள்ளும் நுழைத்து வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால், 'செடிக்கு ஓடத் தெரியாதும்மா, அதனால் அதுக்குத்தான் ரொம்பக் குளிரும்' என்கிறாள். கோபிப்பதா, கொஞ்சுவதா என்று தெரியவில்லை.
ஒரு தாய், உதகமண்டலம்

பதில்: கொஞ்சுங்கள் அம்மா, தாராளமாகக் கொஞ்சுங்கள். உறைபனிக் காலத்தில் உதகை தாவரவியல் பூங்காவில் நாற்றுகளின் மேலும் மலர்ச்செடிகளின் மேலும் மிலார் செடிகளைப் பரப்பி மூடி வைப்பதை உங்கள் மகள் பார்த்திருக்கக் கூடும். பார்த்திருந்தால், பூங்காவில் தோட்டப் பணியாளர்கள் செய்வதை வீட்டில் தன்னிடம் இருந்த துணியைக் கொண்டு செய்திருக்கிறாள். பார்க்காமலேயே செய்திருந்தால் இன்னும் வியப்பு.

இந்த வயதுக் குழந்தைகள் செடி, மேகம், நாற்காலி, நிலா என எல்லாவற்றுக்கும் உயிரும் உணர்ச்சியும் இருப்பதாகக் கருதுகிறார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்வதை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இந்தப் போக்கை விரிவாக எழுதியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டு வயது முதல் ஏழு வயது வரையிலான பருவத்தின் இயல்பு இது. செடிக்குக் குளிரும் என்று சொல்லும் குழந்தையிடம் 'செடிக்கு எப்படிக் குளிரும், பைத்தியமா?' என்று கேட்டுவிடாதீர்கள். வளர வளர அந்த எண்ணம் தானாகவே மாறிவிடும். மற்றதன் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவளிடம் தங்கட்டும்.

ஸ்வெட்டர் விஷயத்தில் அவள் சொன்ன காரணத்தைச் சற்று நின்று கவனியுங்கள். ஓடத் தெரியாத செடிக்குத்தான் அதிகம் குளிரும் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் தனக்கு அவ்வளவாகக் குளிரவில்லை என்பது பொருள். அது உண்மையும்கூட. ஓடியாடும் உடலில் வெப்பம் பிறக்கிறது. அடுப்படியில் நின்றபடி நாம் உணரும் குளிரை அவள் உணர்வதில்லை. ஆனால் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் வேகமாக வெப்பத்தை இழக்கிறது என்பதும் உண்மை. ஆகவே ஓடும் நேரத்தில் மெல்லிய பருத்தி உடையின் மேல் கழற்றி மாட்டக்கூடிய ஒரு ஸ்வெட்டர் போதும். ஓய்ந்து உட்கார்ந்தவுடன் குல்லாயும் காலுறையும் கட்டாயம் வேண்டும். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். கை சில்லென்று இருந்தாலும் பிடரி வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை நலமாகவே இருக்கிறாள். காலையில் 'ஸ்வெட்டர் போடுகிறாயா?' என்று கேட்டால் 'மாட்டேன்' என்ற பதிலுக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். 'சிவப்பா, நீலமா?' என்று கேளுங்கள். ரோஜாவுக்கு ஒரு பழைய சாக்குப்பையைக் கொடுத்துவிட்டால், அதைப் போர்த்தும் வேலையை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று ஓர் ஒப்பந்தமும் செய்துகொள்ளலாம்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது, முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வரும்போது, இந்த ரயிலுக்குப் பற்சக்கரம் உண்டு என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். 'அது பல் தேய்க்குமா?' என்று ஆரம்பித்தாள். குன்னூருக்கு மேல் பல் தேவையில்லை என்றதும், 'குன்னூரில் பல் விழுந்துவிடுமா? மறுபடி எப்போது முளைக்கும்?' என்று உரக்கக் கேட்டாள். பெட்டியே சிரித்தது. வீடு வந்து சேர்வதற்குள் என்னிடம் பதில் தீர்ந்துவிட்டது. இத்தனை கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா?
ஒரு தந்தை, வெலிங்டன்

பதில்: ஐயா, அவள் கேட்ட கேள்வி பொறியியல் சார்ந்த கேள்வி. எந்த இடத்தில் பல் முடிகிறது, முடிந்த பிறகு ரயில் எப்படி ஏறுகிறது என்பதைத்தான் தன் சொந்த வாயில் நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தோடு சேர்த்துக் கேட்டிருக்கிறாள். அதற்கு உண்மையான பதிலே சொல்லலாம். சுவையான பதிலும் அதுதான்.

கல்லாறு நிலையத்துக்குப் பிறகு ஏற்றம் கடுமையாகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். சாதாரண இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அங்கே வழுக்கிவிடும். அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள்; ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும்படி அவை அமைந்திருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுக்காமல் பின்னால் நின்று தள்ளுகிறது. பற்பட்டை குன்னூர் வரைதான். குன்னூரில் அந்த நீராவி எஞ்சின் கழன்றுகொள்கிறது. அங்கிருந்து உதகை வரை பல்லில்லாத டீசல் எஞ்சின் வண்டியைக் கொண்டுபோகிறது. ஆகவே உங்கள் மகளிடம் 'பல் விழவில்லை, பாப்பா. பல்லுள்ள எஞ்சின் குன்னூரில் இறங்கி ஓய்வெடுக்கிறது, பல்லில்லாத எஞ்சின் வேலைக்கு வருகிறது' என்று சொல்லுங்கள். சொல்வது முழுக்க உண்மை.

மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையிலான ஏறத்தாழ 46 கிலோமீட்டரில் 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் 208 வளைவுகளும் உள்ளன. பாதை குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும் வந்தது. 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. ஆறு வயதுக் குழந்தைக்கு ஆண்டுகள் தேவையில்லை. ஆனால் அடுத்த பயணத்தில் 16 சுரங்கங்களையும் விரல்விட்டு எண்ணும் பொறுப்பை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். பத்து விரல் முடிந்த பிறகு என்ன செய்கிறாள் என்பது தனி வேடிக்கையாக இருக்கும்.

எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று முதலில் கேளுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அவளிடமே பதில் இருக்கும், அந்தப் பதிலைச் சொல்வதற்காகத்தான் கேள்வியே கேட்டிருப்பாள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, 'நாளை சேர்ந்து பார்ப்போம்' என்று நாள் குறியுங்கள். குறித்த நாளை அவள் மறக்க மாட்டாள், நீங்களும் மறக்காதீர்கள். களைத்திருக்கும்போது, 'சாப்பிட்டு முடிக்கும் வரை அப்பாவின் காதுக்கு ஓய்வு' என்று நேரம் சொல்லி நிறுத்துவதில் தவறே இல்லை. பொய்யான பதிலை மட்டும் கொடுக்க வேண்டாம். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தபோது அவள் முகம் வாடியதா, மலர்ந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பற்றிப் பின்னால் வரும் ஒரு கடிதத்துக்கான பதிலில் பேசுகிறேன்.

கேள்வி: நான் ஒரு பாட்டி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பிளம்ஸ் மரங்கள் உண்டு. ஐந்து வயதுப் பேத்தி மரத்தில் ஏறிப் பழம் பறித்து, வாசலில் கோணியை விரித்துக் கடை போட்டு, என் பழத்தை எனக்கே விற்கிறாள். 'நான் வைத்த மரமடி' என்றால், 'மரம் உன்னுடையது அப்பத்தா, ஏறினது யார்?' என்கிறாள். முதலில் 'தங்க அப்பத்தா' என்று குழைவாள். நான் மசியாவிட்டால், 'அம்மாச்சியாக இருந்தால் இந்நேரம் வாங்கியிருப்பார்' என்பாள். பிறகு ஒரு பழத்தை இலவசமாக நீட்டுவாள். அதற்கும் அசையவில்லை என்றால், 'இன்று இரவு உன் பக்கத்தில் படுக்க மாட்டேன்' என்று எழுந்துவிடுவாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறேன். ஆனால் அக்கம்பக்கத்தார், பெண் பிள்ளையை இப்படி விட்டால் நாளைக்கு அடங்குமா என்று கேட்கிறார்கள். எனக்கும் உள்ளூரப் பயமாக இருக்கிறது.
ஒரு பாட்டி, கொடைக்கானல்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மிகுந்த மகிழ்ச்சியோடு படித்தேன். உங்கள் பேத்தி கையாளும் வரிசை நம் இலக்கியத்தில் நெடுங்காலமாக இருப்பது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒரு பகுதி உண்டு. பாட்டுடைத் தலைவியாகிய குழந்தையோடு விளையாட வருமாறு நிலாவை அழைப்பார்கள். முதலில் இன்சொல்லால் அழைப்பது சாமம். உனக்கும் அவளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார் என்று சொல்லி அழைப்பது பேதம். வந்தால் இன்னது கிடைக்கும் என்பது தானம். வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்பது தண்டம். நிலாவை அழைக்கப் புலவர்கள் கையாண்ட நான்கு வழிகளையும் உங்கள் பேத்தி, யாரும் சொல்லிக் கொடுக்காமல், அதே வரிசையில், ஒரு கூறு பிளம்ஸ் பழத்தை விற்பதற்காகக் கையாண்டிருக்கிறாள்.

பெண் பிள்ளை அடக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கும் பிள்ளைத்தமிழிலேயே பதில் இருக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று கடைசி மூன்று பருவங்கள் அமைவதுபோல, பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கு வழக்கமாக அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை அமைகின்றன. காயை வானில் எறிந்து பிடிப்பதும், ஆற்றில் பாய்ந்து நீராடுவதும், ஊஞ்சலை உயர உயர ஆட்டுவதும்தான் அவை. கடவுளாகப் போற்றும் பெண்ணையே குழந்தையாகப் பாவித்துப் பாடும்போதுகூட, அவள் ஓடியாடித் துள்ளுவதைத்தான் நம் புலவர்கள் கண்குளிரப் பார்த்தார்கள். மூலையில் கைகட்டி உட்காரும் பருவம் என்று ஒன்றை அவர்கள் வைக்கவில்லை.

உங்கள் பயத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் 1956-இல் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்த சில மாதங்களிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எவ்வளவு ஓடியாடுவது, புதியதை எப்படி எதிர்கொள்வது, மகிழ்ச்சியையும் கோபத்தையும் எவ்வளவு அழுத்தமாக வெளிக்காட்டுவது, எடுத்த காரியத்தை எவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருப்பது என்பன போன்ற ஒன்பது கூறுகளில் குழந்தைகள் மிகச் சிறு வயதிலேயே ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுவதை அவர்கள் விளக்கினார்கள். குழந்தையின் இயல்பு மட்டும் அவளுடைய எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில்லை. அந்த இயல்புக்கும் வீட்டுச் சூழலுக்கும் உள்ள பொருத்தமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. துடுக்கான குழந்தை தாயின் செல்லத்தால் கெட்டுப்போனவள் அல்லள் என்று பெற்றோருக்கு ஆறுதலாக அமைந்த ஆய்வு அது.

பொருத்தம் என்றால் எல்லாவற்றுக்கும் இசைவது என்று பொருள் கொள்ள வேண்டாம். பிளம்ஸ் மரத்தின் கிளை எளிதில் முறியும். மழை பெய்த நாளில் மரம் ஏறக் கூடாது, உங்கள் தலை உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது, கீழே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும் என்ற மூன்றையும் உறுதியாகச் சொல்லுங்கள். அவற்றில் பேரத்துக்கு இடம் இல்லை. மற்றபடி கடை நடக்கட்டும். சில்லறையாக உண்மையான நாணயங்களையே கொடுத்து வாங்குங்கள்; மீதியைச் சரியாகத் திருப்பித் தரக் கற்றுக்கொள்வாள். 'ஏறினது யார்?' என்ற கேள்விக்கு, 'ஏறியதற்குக் கூலி உனக்கு, மரத்துக்கு வாடகை எனக்கு' என்று சொல்லிப் பாருங்கள். இரவில் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்ற மிரட்டலுக்கு மட்டும் பதிலுக்கு மிரட்ட வேண்டாம். 'உன் இடம் அங்கேயே இருக்கும், எப்போது வந்தாலும் படுத்துக்கொள்' என்று சொல்லுங்கள். பேரம் எவ்வளவு தீவிரமானாலும் அப்பத்தாவின் அன்பு விலைப்பட்டியலில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மூன்றரை வயது மகள், 'நான் பெரியவளானதும் நீ சின்னப் பிள்ளையாகிவிடுவாயே, அப்போது உன்னை நான் தொட்டபெட்டாவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்' என்கிறாள். திருத்த வேண்டுமா?
ஒரு தாய், லவ்டேல்

பதில்: வேண்டாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வளர்கிறோம் என்பது இந்த வயதில் எளிதில் பிடிபடாது, தானே புரிந்துகொள்வாள். தூக்கிக்கொண்டு போகும்போது உங்களுக்குத் தின்பதற்கு என்ன வாங்கித் தருவாள் என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி: நான்கரை வயது மகள் டப்பாவில் இருந்த வர்க்கியை எல்லாம் தின்றுவிட்டு, 'குரங்கு வந்து தின்றுவிட்டது' என்றாள். எங்கள் பகுதியில் குரங்குத் தொல்லை உண்டு என்பதால் முதலில் நம்பிவிட்டேன். 'டப்பா மூடியிருக்கிறதே' என்றேன். 'நல்ல குரங்கும்மா, எறும்பு வரும் என்று மூடிவைத்துவிட்டுப் போயிற்று' என்கிறாள், வாயோரம் தூளோடு. சிரிப்பை அடக்க அறைக்குள் ஓடினேன். இவ்வளவு சின்ன வயதில் இப்படிப் பொய் சொல்கிறாளே என்று இரவில் உறக்கமும் வரவில்லை.
ஒரு தாய், கோத்தகிரி

பதில்: உறங்குங்கள் அம்மா. உங்கள் மகளின் மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் அந்த நல்ல குரங்கு காட்டுகிறது.

ஆஸ்திரியாவில் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் ஆகியோர் 1983-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்கு விளக்குகிறது. ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான்; அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான் என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று எண்ணுவதே அந்த வயது. நான்கு வயதைத் தாண்டியவர்களில் பலர் அவன் முதலில் வைத்த அலமாரியைச் சரியாகக் காட்டினார்கள். தன் மனத்தில் இருப்பது அம்மாவின் மனத்தில் இல்லை என்று தெரிந்த பிறகே ஒரு குழந்தை பிறர் நம்பும்படி பொய் சொல்ல முடியும். உங்கள் மகளோ அதற்கும் ஒரு படி மேலே போய், மூடிய டப்பா என்ற தடயத்துக்கும் விளக்கம் தந்திருக்கிறாள்.

பொய்யை ஊக்குவிக்கச் சொல்லவில்லை. விடை தெரிந்திருக்கும்போது 'யார் தின்றது?' என்று கேட்காதீர்கள்; அந்தக் கேள்வி குழந்தையைப் பொய்யின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 'வர்க்கி தீர்ந்துவிட்டது, அப்பாவுக்கு இல்லை. இனி தின்பதற்கு முன் என்னைக் கேள்' என்று நடந்ததைச் சொல்லுங்கள், தூளைத் துடைக்கச் சொல்லுங்கள், முடிந்தது. அவள் உண்மையை ஒப்புக்கொள்ளும் நாளில் அந்த உண்மைக்காகத் திட்டாதீர்கள். குரங்குக் கதை சுவையாக இருந்தது என்றால், மாலையில் அதைக் கதையாகவே சொல்லச் சொல்லுங்கள். கதைக்கும் நடந்ததற்கும் உள்ள எல்லை அப்போது அவளுக்குத் தெளிவாகும்.

உண்மையான குரங்கு நல்ல குரங்காக இருக்காது என்பதையும் அவள் அறிய வேண்டும். கையில் தின்பண்டத்தோடு வாசலுக்குப் போகக் கூடாது, குரங்குக்கு எதையும் கொடுக்கக் கூடாது, அதன் கண்ணை உற்றுப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது. நம் சிரிப்பை அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்காகத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று அஞ்சும் குழந்தை இந்தக் காயத்தையும் மறைத்துவிடும் என்பதால்தான், வர்க்கி போன்ற சிறு விஷயத்தில் கடுமை வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: மகள் சொல்லும் வேடிக்கைகளை உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பதும், செல்பேசியில் படம் பிடித்து அனுப்புவதும் எங்கள் வீட்டு வழக்கம். சில நாட்களாக நான் ஆரம்பித்தாலே என் வாயைப் பொத்துகிறாள். ஏன்?
ஒரு தந்தை, கூடலூர்

பதில்: உங்கள் கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். இந்தக் கேள்விக்காக நெடுநாள் காத்திருந்தேன்.

குழந்தை தீவிரமாக யோசித்துச் சொன்ன ஒன்றைக் கேட்டுப் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிவதில்லை. சில குழந்தைகள் அந்தச் சிரிப்பை விரும்பி, அதை மறுபடி வரவழைக்க அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, சொந்த யோசனையை விட்டுவிடுகிறார்கள். சில குழந்தைகள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். வகுப்பில் நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்த குழந்தை, விருந்தினர் முன்னிலையில் 'அதைச் சொல்லு, அன்றைக்குச் சொன்னாயே' என்று தூண்டப்பட்டவுடன் தாயின் சேலைக்குள் முகம் புதைத்துக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வலித்திருக்கிறது.

வீட்டில் சிரிக்காமல் இருக்க யாராலும் முடியாது, இருக்கவும் கூடாது. சிரித்தவுடன் அவளிடம் காரணம் சொல்லுங்கள்: 'நீ சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது, நான் அப்படி யோசித்ததே இல்லை.' அப்போது அந்தச் சிரிப்பில் அவளுக்கும் பங்கு கிடைக்கிறது. பிறரிடம் சொல்வதற்கு முன், 'இதைச் சித்தியிடம் சொல்லட்டுமா?' என்று அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அழும்போதும், குளிக்கும்போதும், கோபித்துக்கொண்டு கதவை மூடும்போதும் எடுத்த படங்கள் எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அவள் சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டால் அவளுக்கே படித்துக் காட்டுங்கள். 'இதை அடித்துவிடு' என்றால் அடித்துவிடுங்கள். மலை ரயிலில் பெட்டியே சிரித்தது என்று எழுதிய வெலிங்டன் தந்தையும் இந்தப் பதிலைத் தமக்கு எழுதியதாகக் கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: பள்ளிக்குப் போகும் வழி தேயிலைத் தோட்டத்தை ஒட்டியது. அங்கே காட்டெருமை ஒன்று பாதையை மறித்து நின்றது. ஐந்து வயது மகள் என் கையை உதறிவிட்டு இரண்டு அடி முன்னே போய், பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி, 'எக்ஸ்கியூஸ் மீ' என்றாள். அது நகரவில்லை என்றதும், 'ப்ளீஸ்' என்றும் சேர்த்தாள். இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். எனக்கு மட்டும் கை நடுக்கம் நிற்கவில்லை.
ஒரு தாய், குன்னூர்

பதில்: உங்கள் நடுக்கம் நியாயமானது. நன்கு வளர்ந்த ஆண் காட்டெருமை ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும். அமைதியாக மேய்ந்துகொண்டிருப்பது நொடியில் திரும்பி முட்டக்கூடும். இந்த ஒன்றில் விளையாட்டுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

ஆனால் அவளுடைய மரியாதையைக் குறை சொல்ல வேண்டாம். கற்றதை அவள் சரியாகவே பயன்படுத்தினாள். 'மனிதர்களிடம் எக்ஸ்கியூஸ் மீ சொல்வது மரியாதை. காட்டெருமைக்கு மரியாதை செய்ய வேண்டுமானால் தூரமாக நின்று, அது போகும் வரை பேசாமல் காத்திருக்க வேண்டும்' என்று சொல்லுங்கள். மரியாதையைப் பெரிதாக நினைக்கும் குழந்தை இதை உடனே பிடித்துக்கொள்வாள். சொன்னதோடு நிற்காமல் வீட்டில் நடித்துப் பழகுங்கள். அப்பா காட்டெருமையாகக் கூடத்தில் நிற்கட்டும். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓடாமல், கத்தாமல், முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து சமையலறைக்குள் போகட்டும். அந்த விளையாட்டின்போது எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். பாதையில் மட்டும் சிரிக்கக் கூடாது. அங்கே 'நில், கையைப் பிடி' என்ற இரண்டே கட்டளைகளை, ஒவ்வொரு முறையும் அதே சொற்களில், தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். நாள் முழுவதும் எல்லாவற்றுக்கும் 'கூடாது' என்று சொல்லாத தாயின் வாயிலிருந்து வரும் 'நில்' என்ற சொல்லுக்குக் குழந்தை நின்றுவிடும்.

அதிகாலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் மூடுபனி இறங்கியிருக்கும்போதும் அந்தப் பாதையைத் தவிர்த்து, சற்றுச் சுற்றினாலும் பெரிய சாலை வழியாகவே போங்கள். விலங்கு நின்றால் அருகில் உள்ள வீட்டுக்குள் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளிக்குத் தாமதமானால் காரணத்தை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அது நாள்தோறும் அங்கேயே நின்றால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். குட்டியோடு நிற்கும் பெண் எருமையிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். உடன் வளர்ப்பு நாய் வருவதாக இருந்தால் அதை வீட்டிலேயே கட்டிவிட்டுப் புறப்படுங்கள்.